நாலாம் நம்பர் குப்பி

கோவை கணபதியில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிற சென்னியப்பன் தன் வாட்ஸப் குழுவிலிருந்து முதல் ஆளை நீக்கிய அன்றைக்கு அவர் வீட்டுக் கொல்லைக் கதவு காணாமல் போனது. யாரோ கழற்றிக்கொண்டு போகவில்லை. கதவு இருந்த இடத்தில் சுவர் இருந்தது, சுவரில் ஏழு வருஷத்துக்கு முன்னால் அடித்த வெள்ளை இருந்தது, அந்த வெள்ளையின் மேல் தாளிக்கும்போது தெறித்த எண்ணெய்ப் புள்ளிகள்கூட இருந்தன. நேற்று வரைக்கும் அது கதவு என்பதற்கு ஒரு அத்தாட்சியும் இல்லை, கழுவிக் கவிழ்த்து வைத்து, சுவருக்கு அந்தப் பக்கமே மாட்டிக்கொண்ட பாத்திரங்களைத் தவிர.

"ஏனுங், கொல்லைக் கதவைக் காணமுங்க" என்று அவர் மனைவி வசந்தாமணி வந்து சொன்னாள்.

"திருடன் வர்றதுக்கு ஒரு வழி கொறஞ்சுது, உடு" என்று சொல்லிவிட்டு நம்ம ஆள் மறுபடியும் போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

அந்தக் குழுவுக்குக் 'கோவை மால்ட் வட்டம்' என்று பெயர், அதில் மால்ட் விஸ்கிப் பிரியர்கள் அறுபத்து நாலு பேர். குடிகாரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள், அப்படிச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். குடிப்பதைவிட மோந்து பார்ப்பதற்குத்தான் அங்கே மரியாதை. ஸ்காட்லாந்து எந்தத் திசையில் இருக்கிறதென்று கேட்டால் மேட்டுப்பாளையம் ரோட்டைக் காட்டுகிறவர்கள்கூட அந்த ஊர்த் தீவுகளையும் ஆறுகளையும் சொந்தக்காரர் தோட்டத்தைச் சொல்வதுபோல் சொல்வார்கள். ஐஸ் போடக் கூடாது, கோலா ஊற்றக் கூடாது, சோடா என்கிற பேச்சையே எடுக்கக் கூடாது, ஸ்பூன் நுனியால் ரெண்டு சொட்டுத் தண்ணீர் விடலாம், அதுவும் அட்மினைக் கேட்டுவிட்டு. அட்மின் என்றால் சென்னியப்பன். குழுவை ஆரம்பித்தது அவரும் அவருடைய கூட்டாளி திருமூர்த்தியும். பாலிடெக்னிக் ஹாஸ்டலில் ஒரே அறையில் கிடந்தவர்கள், பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு பாட்டிலைப் பாதிப் பாதியாக வாங்கி, அதை ஒன்றரை வருஷம் மோந்து மோந்தே காலி பண்ணியவர்கள். திருமூர்த்திக்கு ராமநாதபுரம் சிக்னல் பக்கம் காப்பிப்பொடிக் கடை. கொட்டை வறுபடும் வாசத்தை வைத்தே அடுப்பை எப்போது அணைப்பதென்று சொல்லும் மூக்கு அவருக்கு.

மாதக் கடைசி ஞாயிறு நாலு மணிக்கு அந்தக் குழுவில் கண்கட்டு நடக்கும். சென்னியப்பன் தன் சாப்பாட்டு மேசையில் ஆறு பாட்டில்களை வரிசையாக வைத்து, ஓமியோபதி மருந்துக்காரர்களுக்கு விற்கிற சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் ஊற்றி, பெயர் எழுதாமல் நம்பர் மட்டும் ஒட்டி, எல்லோர் வீட்டுக்கும் சேர்ப்பித்துவிடுவார். நாலு மணிக்கு எல்லோரும் ஒன்றாம் நம்பரைத் திறப்பார்கள். திறப்பதற்கு முன்னால் முழங்கையை மடக்கி, அந்த மடிப்பில் மூக்கை வைத்துத் தன் வாசத்தைத் தானே ஒரு தரம் மோந்துகொள்வார்கள். மூக்கு பழசை மறந்துவிட்டுப் புதுசுக்குத் தயாராகுமாம், திருமூர்த்தி கற்றுக்கொடுத்த வழக்கம். பிறகு என்ன தெரிகிறதென்று எழுதுவார்கள். ஒருத்தர் பேரீச்சை என்பார், ஒருத்தர் புதுச் செருப்பு என்பார், ஒருத்தர் மழையில் நனைந்த சாக்கு என்பார். யாரும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று மட்டும் எழுதியதில்லை.

கொல்லைக் கதவு போனது ஐஸ் கட்டி போட்ட கிளாஸைப் படம் பிடித்துப் போட்ட உருளைக்கிழங்கு மண்டிக்காரரை நீக்கியதால். மொட்டைமாடிக் கதவு போனது விஸ்கியில் இளநீர் கலந்த ஒரு பேராசிரியரால். சந்துப் பக்கத்துக் கதவு போனதற்குக் காரணம், அட்மினை வைத்து ஸ்டிக்கர் செய்தவர். போனவர்கள் சும்மா இருப்பார்களா? மூன்று பேரும் சேர்ந்து 'நொய்யல் மால்ட் நண்பர்கள்' என்று போட்டிக் குழு ஆரம்பித்தார்கள், முதல் விதியே 'ஐஸ் அவரவர் இஷ்டம்'. அன்றிலிருந்து இங்கே நடப்பது அங்கே ஸ்கிரீன்ஷாட்டாகப் போகும், அங்கே நடப்பது இங்கே வரும். பகலில் சண்டை போடுகிறவர்களே ரெண்டு குழுவிலும் வேறு வேறு நம்பரில் இருந்தார்கள். ஊருக்கு ஒரே ஒரு அபூர்வ பாட்டில் வந்தால் ரெண்டு கூட்டமும் ஒரே கடை வாசலில் நின்று ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

சித்திரை மாதக் கண்கட்டில்தான் அந்த நாலாம் நம்பர் வந்தது. எல்லோருக்கும் பழ வாசம், வெல்ல வாசம். திருமூர்த்தி மட்டும், "பழம், வெல்லம், அடியில புகை" என்று எழுதினார். அது புகையே படாத சரக்கு. குழு சிரித்தது. காலையிலிருந்து கொட்டை வறுக்கிறவருக்குக் கல்யாண வீட்டுப் பன்னீரில்கூடப் புகைதான் தெரியும் என்று ஒருத்தர் எழுத, அதற்கு நாற்பது சிரிப்புப் பொம்மை விழுந்தது.

"புகை இருக்குது" என்று திருமூர்த்தி மறுபடியும் எழுதினார்.

"இல்லை. பாட்டிலைத் திறந்தவன் நான்" என்றார் சென்னியப்பன்.

"பாட்டில்ல இருக்குதா இல்லியான்னு எனக்குத் தெரியாது. என்ற குப்பியில இருக்குது. இல்லாததை இருக்குதுன்னு சொல்ற பழக்கம் எனக்கு இல்ல சென்னி."

அஞ்சாவது நிமிஷம் நொய்யல்காரர்கள் ஸ்டிக்கரே போட்டுவிட்டார்கள்: வட்டத்தில் சொந்தக் கூட்டாளியே அட்மினை நம்புவதில்லை. சென்னியப்பனுக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. முப்பத்தெட்டு வருஷச் சிநேகிதத்தை ஒரு கட்டை விரலால் அழுத்தி நீக்கினார். கடைசியாக மிஞ்சியிருந்த வாசற்கதவும் போனது. அப்போது வசந்தாமணி தெருமுனையில் கீரை வாங்கிக்கொண்டிருந்தாள், கீரைக்கட்டோடு திரும்பி வந்தவள், கோலமும் படியும் மிதியடியும் இருக்க நடுவில் சுவர் நிற்பதைப் பார்த்து, "என்னையக் கேக்காம இதென்னங்க வேலை?" என்று சுவரைப் பார்த்தே கத்தினாள்.

மறுநாள் காலை சென்னியப்பன் சமையலறைத் தொட்டியருகே விரிசல் விட்ட ஒரு குப்பி மூடியைப் பார்த்தார். எடுத்து மோந்தார். பீட் என்கிற சதுப்புக் கரியை எரிக்கும் புகை, ஸ்காட்லாந்தின் ஐலா தீவுச் சரக்கில் வருகிற புகை, சந்தேகமே இல்லை. அப்போதுதான் ஞாபகம் வந்தது: குப்பி ஒன்று குறைந்துவிட்டது, கடை அடைத்திருந்தது, தன் அலமாரியிலிருந்த பழைய குப்பி ஒன்றைக் காலி செய்து, வெறும் தண்ணீரில் அலசி, புது மூடி போட்டு, நாலு என்று ஒட்டி, நம்ம ஆள்தானே என்று திருமூர்த்தி பையில் வைத்தது. புகைச் சரக்கு இருந்த குப்பி தண்ணீருக்கு மசியாது. பழைய குப்பியில் ஊற்றுகிறவன் வட்டத்துக்கே லாயக்கில்லை என்று விதி எழுதி வைத்ததும் இவர்தான். மூடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், ஒருவரிடமும் சொல்லவில்லை.

ஆறுச்சாமி என்ற கொத்தனாரைக் கூப்பிட்டார்கள். அவர் வாசல் இருந்த இடத்தைக் காலையிலிருந்து இடித்தார், மத்தியானத்துக்குள் ரெண்டடி உடைத்தார், உள்ளே மேலும் செங்கல் இருந்தது, சாயங்காலத்துக்குள் நாலடி உடைத்தார், அதற்குள்ளும் செங்கல் இருந்தது, ஒன்பதங்குலச் சுவருக்குள் நாலடி எப்படி வந்தது என்று அவரும் கேட்கவில்லை, யாரும் கேட்கவில்லை. "இது செங்கல் இல்லீங்க, வீம்பு. வீம்புக்கு எங்கட்ட உளி இல்லீங்க" என்று கூலியை வாங்கிக்கொண்டு போனார். வரி போட வந்தவர் நாலு பக்கமும் சுற்றிப் பார்த்து, கதவில்லாத கட்டடம் வீட்டுக் கணக்கில் வராது, தண்ணீர்த் தொட்டிக் கணக்கில்தான் வரும் என்று எழுதிக்கொண்டு போனார். எதிர்வீட்டு ஹமீதா பானு தன் மாடி அறையை வசந்தாமணிக்குக் கொடுத்தாள். பால் பாக்கெட் ஜன்னல் கம்பி வழியாக வந்தது. தட்டு நுழையாது, இட்லியை ஒவ்வொன்றாக நெட்டுக்குத்தாக நுழைக்க வேண்டும். தோசையைச் சுருட்ட வேண்டும். பாட்டில் எப்படித் திருப்பினாலும் நுழையாது, ஆகவே வட்டத்துக்காரர்கள் ஆளுக்கொரு குப்பியாகக் கொண்டுவந்து, ஜன்னலுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, கதவில்லாத வீட்டில் சரக்கு சீக்கிரம் முதிருமா என்று விவாதம் செய்தார்கள். தெருவில் வழி கேட்கிறவர்களுக்கு 'கதவில்லா வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி' என்று சொல்ல ஆரம்பித்தார்கள். ரெண்டே வாரம். அப்புறம் அது எல்லோருக்கும் பழகிவிட்டது, உள்ளே இருந்தவரைத் தவிர.

பட்டறையை போனிலேயே நடத்தினார். கூடத்துக்கும் படுக்கையறைக்கும் நடந்தார், படுக்கையறைக்கும் கூடத்துக்கும் நடந்தார், நடந்து நடந்து மொசைக்கில் தடம் விழுந்தது. சட்டைப் பையிலிருந்த மூடி மட்டும் சும்மா இருக்கவில்லை. நாளுக்கு நாள் அதிலிருந்து புகை வாசம் கூடிக்கொண்டே போனது. பிழிந்து காயப்போட்ட வேட்டியில் புகை, தயிர்ச்சோற்றில் புகை, தலையணையில் புகை. "ஏனுங்க, உள்ள என்னமோ கருகுது பாருங்க" என்று பால்காரர் தினமும் சொல்லிவிட்டுப் போனார். குப்பியில் வந்த எதை மோந்தாலும் புகைதான். ஆனாலும் ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்திருந்தவர்களிடம் தேன், ஆரஞ்சுத் தோல், பழைய புத்தகம் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னார், அவர்களும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

இதற்கு நடுவில் ஒன்று கண்டுபிடித்தார். இவர் நீக்கினால் கதவு போகிறது. அவர்களாக வெளியேறினால் ஜன்னல் போகிறது. ஒவ்வொருத்தராக நொய்யலுக்குப் போகப் போக, சமையலறை ஜன்னல் போனது, படுக்கையறை ஜன்னல்கள் போயின, குளியலறையில் காற்றுப் போகிற ஓட்டைகூட அடைந்துவிட்டது. ஒன்பது ஜன்னலில் எட்டு போய், தெருவைப் பார்த்த கூடத்து ஜன்னல் ஒன்றுதான் பாக்கி. அதன் பிறகு அந்த மனிதர் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டுமே! ஐஸ் போட்டுப் படம் அனுப்பினால் "ஆஹா, அழகு" என்று எழுதினார். ஒருத்தர் பாயசத்தில் ஊற்றிக் குடித்ததைச் சொன்னபோது "புதுமை" என்று எழுதிக் கைதட்டும் பொம்மை போட்டார். மிச்சமிருந்த ஒவ்வொருத்தருக்கும் பிறந்தநாள் வாழ்த்து சொன்னார், அவர்கள் பிள்ளைகளுக்கும் சொன்னார். விஷயம் தெரிந்த பயல்கள் வேண்டுமென்றே, "அட்மின், நான் வெளியேறலாம்னு இருக்கேன்" என்று எழுதிவிட்டுக் காத்திருப்பார்கள். அவர் கெஞ்சுவார். அவமானமாக இருந்தது, அழுகையாகக்கூட வந்தது, ஆனால் அந்த ஒரு ஜன்னல் போனால் சோறு எங்கிருந்து வரும், மூச்சு எங்கிருந்து வரும்? உண்மையைச் சொன்னால் ஒருத்தனாவது கோபித்துக்கொண்டு போவான். ஒருத்தன் போதும். அதனால் வாயைத் திறக்கவில்லை.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வசந்தாமணி ஜன்னலுக்கு வந்தாள். கையில் சோறு இல்லை, தோளில் பை இருந்தது.

"புள்ளைக்கு வலி கண்டுருச்சாமா. ஓசூரு கெளம்பறேன். நீங்க வர்றீங்களா இல்லியா?"

"எப்படி வர்றது வசந்தா? கேக்கற கேள்வியப் பாரு."

"அந்தத் திருமூர்த்தியண்ணன்கிட்ட ஒரு வார்த்த பேசுனா என்னங்க? ஏழு மாசமா கம்பிக்கு நடுவுலயே உங்க மூஞ்சியப் பாத்துட்டிருக்கறேன். மொதப் பேரக் கொழந்தைங்க. தாத்தன் எங்கேன்னா நான் செவுத்தக் காட்டட்டுமா?"

சென்னியப்பன் சட்டைப் பையிலிருந்து மூடியை எடுத்து அவள் கையில் வைத்தார். முழுசாகச் சொன்னார். குப்பி குறைந்தது, அலசியது, ஒட்டியது, மறுநாளே தெரிந்தது, எல்லாம். அவள் மூடியை மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள். அவளுக்கு வந்த கோபத்தில் தெருவில் போன ஆட்டோக்காரர் நின்று பார்த்தார்.

"அட மனுசா! மறுநாளே தெரிஞ்சுதா? தெரிஞ்சும் ஏழு மாசமா என்னைய இட்லிய நெட்டுக்குத்தா நொழைக்க வெச்சீங்களா?"

"சொன்னா ஜன்னலு போயிருமடி."

"போகட்டும்" என்றாள். பிறகு வலது கையைக் கம்பிக்குள் விட்டு அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "எழுதுங்க. நான் பாக்கறேன்."

"கைய எடு. செவுத்துக்குள்ள மாட்டிக்கும்."

"எழுதுங்கன்னு சொன்னன்."

இடது கையாலேயே எழுதினார். நாலாம் நம்பர் பழைய குப்பி. நான்தான் ஊற்றினேன். திருமூர்த்தி சொன்ன புகை நிஜம். எனக்கு மறுநாளே தெரியும், மறைத்துவிட்டேன். அனுப்பினார். குழுவில் சேரும் இணைப்பை வசந்தாமணி போனுக்கும் அனுப்பி, திருமூர்த்தியிடம் காட்டு என்றார். படித்துவிட்டதற்கான நீல டிக்குகள் விழுந்தன. பாயசக்காரர்தான் முதலில் வெளியேறினார்.

ஜன்னல் கம்பிகள் தடித்தன, தடித்து ஒன்றை ஒன்று நெருங்கின. வசந்தாமணி கையை விடவில்லை, அவர்தான் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வெளியே தள்ளினார், ஒரு கண்ணாடி வளையல் உடைந்து உள்ளே விழுந்தது, அதோடு வெளிச்சமும் சத்தமும் நின்றன. இருட்டில் போன் மட்டும் மினுங்கியது. வெளியேறினார், வெளியேறினார், வெளியேறினார். கோபித்துப் போனவர்கள் பாதிப்பேர். மீதிப்பேர் இனிமேல் போவதற்கு ஜன்னல் இல்லை, பாவம் பார்க்க வேண்டியதில்லை என்று போனவர்கள். கடைசியில் வட்டத்தில் அவர் ஒருத்தர்தான் இருந்தார். தரையில் உட்கார்ந்து வளையல் துண்டைத் தடவிக்கொண்டு, புகையை மூச்சாக இழுத்துக்கொண்டு, பயத்தில் மகளின் பெயரைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். காற்று கனத்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. போன் ஒரு தடவை அதிர்ந்தது.

திருமூர்த்தி இணைப்பு மூலம் சேர்ந்தார்.

வாசல் இருந்த இடத்தில், தரையை ஒட்டி, கதவின் அடியில் வருகிற மாதிரி ஒரு கோடு வெளிச்சம் தெரிந்தது. சென்னியப்பன் தட்டுத் தடுமாறிப் போய்த் தடவினார். மரம். அவருடைய பழைய தேக்குக் கதவு. ஆனால் உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லை, கைப்பிடி இல்லை, சாவித் துவாரமும் இல்லை, வெறும் பலகைதான்.

"சென்னி" என்று வெளியே குரல் கேட்டது. "தாழ்ப்பா இந்தப் பக்கம் இருக்குது."

"தெறடா."

"தெறக்கறேன். அதுக்கு முந்தி ஒண்ணு." கதவுக்கு அடியிலிருந்த இடைவெளியில் ஒரு சின்னக் குப்பி உருண்டு வந்தது. நம்பர் இல்லை. "மோந்து பாத்து என்னன்னு சொல்லு. மொதல்ல மொழங்கைய மோந்துக்கோ."

"டேய், வசந்தா நிக்கறா, புள்ளைக்கு வலி கண்டிருக்குது..."

"அண்ணன் கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க" என்றாள் வசந்தாமணி வெளியிலிருந்து.

சென்னியப்பன் முழங்கையை மடக்கி மோந்தார். புகை. குப்பியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனார். புகை. சாய்த்து, ஆட்டி, ரெண்டு மூக்குத் துவாரத்திலும் மாற்றி மாற்றி இழுத்தார். புகையைத் தவிர ஒன்றுமில்லை. தேன் என்று சொல்லலாம். ஆரஞ்சுத் தோல் என்று சொல்லலாம். பத்தொன்பது வருஷமாகச் சொன்ன நூறு வார்த்தைகள் நாக்கு நுனியில் வந்து நின்றன, எதைச் சொன்னாலும் சரியாக இருந்துவிடலாம், தப்பாக இருந்தால் கதவு திறக்காது. வாயைத் திறந்தார், மூடினார். கதவில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

"தெரியலடா" என்றார். "எனக்கு ஒண்ணுமே தெரியல. என்ற மூக்கு போயிருச்சு திருமூர்த்தி. ஏழு மாசமா நான் சொன்னதெல்லாம் பொய்யி."

வெளியே தாழ்ப்பாள் இழுபடும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது, வெளிச்சம் கண்ணைக் குத்தியது. திருமூர்த்தி வேட்டியும் காப்பித்தூள் ஒட்டிய சட்டையுமாகக் கடையிலிருந்து வந்த கோலத்திலேயே நின்றார். கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரிக்கவில்லை, கட்டிப்பிடிக்கவும் இல்லை.

"வெறும் சிறுவாணித் தண்ணிடா அது" என்றார்.

வசந்தாமணி ரெண்டு பேரையும் தள்ளிக்கொண்டு உள்ளே போய், மூக்கைப் பொத்திக்கொண்டு அவருடைய சட்டை ரெண்டை எடுத்துவந்து பைக்குள் திணித்தாள். ஓசூருக்குத் திருமூர்த்திதான் கார் ஓட்டினார். வழி முழுக்க மூன்று பேரும் கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். பெண் குழந்தை. தாத்தா தூக்கி உச்சியை மோந்தார், ஒன்றும் தெரியவில்லை, தெரியாமலே தூக்கி வைத்திருந்தார்.

இப்போது வட்டத்தில் ரெண்டே பேர். ஜன்னல்கள் திரும்பி வரவில்லை, கதவு ஒன்றுதான், அதற்கும் தாழ்ப்பாள் வெளியேதான். உள்ளே ஒன்று வைக்கலாம் என்று ஆசாரியைக் கூப்பிட்டார்கள். திருகாணி அந்தப் பலகையில் ஏறவே இல்லை. ஞாயிறு நாலு மணிக்குத் திருமூர்த்தி வருவார், கூடத்தில் உட்கார்ந்து ஐஸைப் பற்றிச் சண்டை போடுவார்கள், சில நாள் சண்டை முற்றி அவர் பேசாமல் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போவார். சென்னியப்பன் பேச்சை நிறுத்தி, டிவியை நிறுத்தி, வசந்தாமணியையும் சைகையால் நிறுத்திவிட்டுக் காதைக் கதவுப் பக்கம் வைப்பார். செருப்புச் சத்தம் படியில் இறங்கி, கேட்டைத் தாண்டி, தெருவில் போய் மறையும். இன்றைக்கு வரைக்கும் திருமூர்த்தி தாழ்ப்பாள் போட்டதில்லை. இன்றைக்கு வரைக்கும் சென்னியப்பன் காது கொடுக்காமல் இருந்ததும் இல்லை.